நடுவழியில் பைக் பஞ்சர்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பைக், ஸ்கூட்டர், எக்ஸ்.எல் என்று எதை ஓட்டினாலும் ஒருநாள் பஞ்சராகும். அது பெரும்பாலும் பஞ்சர் கடைக்கு எட்டாத தூரத்தில்தான் ஆகும். அப்போது எழும் கேள்விகளுக்கான பதில்கள் இவை. தமிழ்நாட்டுச் சாலைகளையும் இங்கே கிடைக்கும் சாமான்களையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறோம்.

ஓட்டிக்கொண்டிருக்கும்போதே பஞ்சர் என்று எப்படித் தெரியும்? உடனே என்ன செய்வது?

பின் சக்கரத்தில் காத்து இறங்கினால் இருக்கைக்குக் கீழே வண்டி நெளியும். நேராகப் போகிற வண்டி இடமும் வலமுமாக ஆடும். முன் சக்கரம் என்றால் ஹேண்டில் திடீரென்று கனக்கும், திருப்பினால் திரும்பாது. இரண்டில் முன் சக்கரம்தான் ஆபத்து.

பதறி பிரேக்கை அழுத்தாதீர்கள். ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டு ஹேண்டிலை நேராகப் பிடியுங்கள், வண்டி தானாக வேகம் குறையட்டும். பிரேக் போட்டே ஆகவேண்டும் என்றால் காத்து இருக்கிற சக்கரத்தின் பிரேக்கை மெதுவாகப் போடுங்கள். பிறகு இண்டிகேட்டர் போட்டு இடது ஓரம் ஒதுங்கலாம். மண்ணில் இறக்கி நிறுத்த வேண்டாம், மெயின் ஸ்டாண்டு புதைந்துவிடும்.

என் வண்டி டியூப் டயரா, டியூப்லெஸ்ஸா?

டயரின் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும். ஆனால் அதை மட்டும் நம்ப முடியாது. டியூப்லெஸ் டயருக்குள் முன்பு யாராவது டியூப் போட்டிருக்கலாம். அதனால் வால்வைப் பாருங்கள். ரிம்மில் ஒரு நட்டு போட்டு முறுக்கிய உலோக வால்வு, ஆட்டினால் லேசாக அசைகிறது என்றால் பெரும்பாலும் உள்ளே டியூப் இருக்கிறது. அடிப்பாகம் தடித்த ரப்பராக, ரிம்மோடு இறுகி உட்கார்ந்திருந்தால் டியூப்லெஸ்.

ஸ்போக் வைத்த புல்லட், எக்ஸ்.எல், பழைய ஸ்ப்ளெண்டர் எல்லாம் டியூப். அலாய் சக்கரம் வைத்த இன்றைய வண்டிகளும் ஆக்டிவா வகை ஸ்கூட்டர்களும் பெரும்பாலும் டியூப்லெஸ். அலாய் இருந்தும் டியூப் போட்ட பழைய வண்டிகள் உண்டு. ஸ்போக் இருந்தும் டியூப்லெஸ்ஸாக வருகிற விலை கூடிய வண்டிகளும் சில உண்டு. பஞ்சராவதற்கு முன்பே ஒருமுறை குனிந்து பார்த்து வைப்பது நல்லது. வாங்க வேண்டிய சாமானே இதைப் பொறுத்துத்தான் மாறும்.

காத்து இல்லாத டயரிலேயே கடை வரைக்கும் ஓட்டிப் போகலாமா?

டியூப் டயரில் வேண்டாம். டயர் ரிம்மின் மேல் வழுக்கும்போது உள்ளே டியூபும் சேர்ந்து நகரும், வால்வோ ரிம் ஓட்டையில் மாட்டி நின்றுவிடும். அரை கிலோமீட்டருக்குள் வால்வு அடியோடு கிழிந்துவிடலாம். அதன் பிறகு ஒட்டுப் போடவே வழியில்லை, புது டியூப்தான். நூறு ரூபாயில் முடிய வேண்டியது ஐந்நூறைத் தொடும்.

டியூப்லெஸ்ஸில் ஆணி குத்தியபடியே இருந்தால் காத்து மெதுவாகத்தான் இறங்கும். பின்னால் யாரையும் ஏற்றாமல், 20 - 30 வேகத்தில் கொஞ்ச தூரம் போகலாம். டயர் முழுக்கச் சப்பையாகிவிட்டால் அதுவும் கூடாது. ரிம் விளிம்பு கல்லில் அடிபட்டு நெளிந்தால், அதன் பிறகு எந்த டயர் போட்டாலும் அந்த நெளிசல் வழியாகக் காத்து கசியும்.

தள்ளிக்கொண்டு போக ஏதாவது சுலப வழி?

கியர் வண்டியாக இருந்தால் என்ஜினை ஸ்டார்ட் செய்து முதல் கியரில் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே பக்கத்தில் நடக்கலாம். வண்டி தன் பாரத்தைத் தானே இழுக்கும். ஆக்சிலரேட்டரில் கை வைக்காதீர்கள், ஐடிலிங்கே போதும். கியர் இல்லாத ஸ்கூட்டரில் இதைச் செய்ய வேண்டாம். கை கொஞ்சம் முறுக்கினாலும் வண்டி உங்களை விட்டுவிட்டுப் போய்விடும்.

நண்பர் இன்னொரு வண்டியில் வந்து காலால் டோ போடுவது பெட்ரோல் தீர்ந்த வண்டிக்கு வேண்டுமானால் சரி. சப்பையான டயர் எந்தப் பக்கம் நெளியும் என்று இருவருக்குமே தெரியாது. டோ போடுவதைத் தவிருங்கள்.

ஆணி கண்ணுக்குத் தெரிகிறது. பிடுங்கிவிடலாமா?

கையில் ஓட்டையை அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப்பும் பம்ப்பும் இருந்தால் பிடுங்குங்கள். இல்லையென்றால் தொடாதீர்கள். இப்போதைக்கு அடைப்பானாக இருப்பது அந்த ஆணிதான்.

டியூப்லெஸ் பஞ்சரை நானே போட முடியுமா?

கண்டிப்பாக முடியும். சக்கரத்தைக் கழற்றவே வேண்டாம். டயர் கடைகளிலும் இணையத்திலும் விற்கிற டியூப்லெஸ் கிட்டில் நான்கு சாமான்கள் இருக்கும்: அரம் போலச் சொரசொரப்பான கைப்பிடிக் கம்பி, நுனியில் காது பிளந்த ஊசி, பிசுபிசுவென்று ஒட்டும் ரப்பர் ஸ்ட்ரிப்புகள், சின்ன டியூபில் சொல்யூஷன் என்கிற ரப்பர் பசை. நோஸ் பிளையர், பிளேடு, காத்து அடிக்க ஏதாவது ஒன்று. இவற்றை நீங்கள் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

முதலில் மெயின் ஸ்டாண்டு போட்டு சக்கரத்தைச் சுற்றிப் பாருங்கள். ஆணி தெரியவில்லை என்றால் கொஞ்சம் காத்து அடித்துவிட்டு, பாட்டில் தண்ணீரை டயர் மேல் ஊற்றிக்கொண்டே திருப்புங்கள். குமிழி வரும் இடம்தான் ஓட்டை. பிடுங்குவதற்கு முன் அந்த இடத்தைச் சுற்றிச் சாக்பீஸாலோ பேனாவாலோ ஒரு வட்டம் போடுங்கள். கறுப்பு ரப்பரில் ஓட்டை ஒரு நொடியில் கண்ணை விட்டு மறைந்துவிடும்.

பிடுங்கும்போது ஆணி நேராக இறங்கியிருக்கிறதா, சாய்வாகவா என்று கவனியுங்கள். கம்பியையும் ஊசியையும் அதே சாய்வில்தான் செலுத்த வேண்டும். சாய்வு மாறினால் உள்ளே இன்னொரு ஓட்டை போட்ட கதையாகிவிடும். கம்பியைத் திருகி உள்ளே விட்டு ஏழெட்டு முறை முன்னும் பின்னும் இழுங்கள். முதல் தடவை பழகாதவர்களுக்குப் பயமாக இருக்கும், நல்ல டயரை நாமே கெடுக்கிறோமோ என்று தோன்றும். ஓட்டையின் சுவர் சொரசொரப்பானால்தான் ஸ்ட்ரிப் பிடிக்கும்.

ஸ்ட்ரிப்பை ஊசிக் காதில் பாதிக்குப் பாதி வருமாறு கோத்து, சொல்யூஷன் தடவி, உடம்பின் பாரத்தைக் கொடுத்து அழுத்துங்கள். வெளியே இரண்டு வால்களும் ஒன்றரை சென்டிமீட்டர் அளவு நிற்கும்போது நிறுத்திவிட்டு, ஊசியைத் திருகாமல் நேராக ஒரே வெட்டில் உருவுங்கள். ஊசிக் காது பிளந்திருப்பதால் ஸ்ட்ரிப் உள்ளேயே மடிந்து நிற்கும். வாலை டயரோடு ஒட்ட வெட்டாமல் 3 மி.மீ. விட்டு வெட்டுங்கள், ஓட ஓடத் தேய்ந்துவிடும். காத்தை நிரப்பி, அந்த இடத்தில் எச்சில் தொட்டு வையுங்கள். குமிழி வரவில்லை என்றால் கிளம்பலாம். முதல் முறை செய்பவருக்கே அரைமணி நேரத்துக்குள் முடிகிற வேலை.

ஸ்ட்ரிப் போட்டால் எத்தனை நாள் தாங்கும்?

டயர் தேய்ந்து மாற்றுகிற வரைக்கும் தாங்கிய ஸ்ட்ரிப்புகள் நிறைய உண்டு. ஆனாலும் டயர் கம்பெனிகள் இதைத் தற்காலிக ஏற்பாடாகத்தான் சொல்கின்றன. டயரைக் கழற்றி உட்பக்கத்திலிருந்து காளான் வடிவ பிளக் ஒட்டுவதுதான் முழுப் பழுது. ஊருக்குள் 50 வேகத்தில் போய்வருகிற வண்டிக்கு ஸ்ட்ரிப்பே போதும் என்பது எங்கள் கருத்து. நாற்கரச் சாலையில் பின்னால் ஆளையும் மூட்டையையும் ஏற்றிக்கொண்டு மணிக்கணக்கில் போகிறவர், அடுத்த வாரமே கடையில் கொடுத்து உள்ளே பார்ப்பது நல்லது.

எந்த ஓட்டைக்கு ஸ்ட்ரிப் போடவே கூடாது?

பக்கவாட்டுச் சுவரில் உள்ள ஓட்டைக்குப் போடக்கூடாது. ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி நிமிர்கிற பாகம் அது. அங்கே எதுவும் நிற்காது. 6 மி.மீ.க்கு மேல் அகலமான ஓட்டை, பிளேடால் கீறியது போன்ற வெட்டு, ஏற்கெனவே போட்ட ஸ்ட்ரிப்பை ஒட்டியே இன்னொன்று, இவற்றுக்கும் கூடாது. கடைக்காரர் இரண்டு மூன்று ஸ்ட்ரிப்பைச் சேர்த்துத் திணித்து அனுப்பினால், அது வீடு போய்ச் சேர மட்டும்.

டியூப் டயரை வழியிலேயே நான் ஒட்ட முடியுமா?

முடியும், வியர்க்கும். இரண்டு டயர் லிவர் (டயரை நெம்பி எடுக்கும் கம்பி), நட்டுக்கான ஸ்பேனர், வால்வு பின் (வால்வுக்குள் காத்தை அடைத்து நிற்கும் சின்னப் பாகம்) கழற்றும் சாவி, ஒட்டு, சொல்யூஷன், உப்புத்தாள், பம்ப் வேண்டும். கூடவே ஒரு புது டியூப் இருந்தால் இன்னும் நல்லது. பழையதை அங்கே ஒட்டிக்கொண்டிருக்காமல் மாற்றிப் போட்டுவிட்டு, ஒட்டுகிற வேலையை ஊர் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

நம் ஊர்க் கடைகளில் பல நேரம் சக்கரத்தையே கழற்றாமல், டயரின் ஒரு பக்கத்தை மட்டும் ரிம்முக்கு வெளியே எடுத்து டியூபை உருவுவார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். வால்வு பின்னைக் கழற்றிக் காத்தை முழுக்க விடுங்கள். வால்வு நட்டைக் கழற்றி வால்வை உள்ளே தள்ளுங்கள். பிறகு டயரைச் சுற்றிலும் மிதித்து ரிம்மிலிருந்து பிரியுங்கள். லிவரை வால்வு பக்கம் ஆரம்பிக்கும்போது, எதிர்ப்பக்க டயர் விளிம்பை ரிம்மின் நடுப்பள்ளத்தில் முழங்காலால் அழுத்தி வையுங்கள். அந்தப் பள்ளத்தில் இறங்கினால்தான் இந்தப் பக்கம் தளரும். இதைத் தெரியாதவர்கள்தான் லிவரை வளைத்து, ரிம்மைக் கீறி, கடைசியில் டயரைத் திட்டுவார்கள்.

டியூபை எடுத்ததும் காத்து அடித்துக் கன்னத்தருகே வைத்துச் சுற்றுங்கள். தண்ணீர்த் தொட்டி இல்லாத இடத்தில் கன்னம்தான் தொட்டி, மெல்லிய கசிவும் சில்லென்று தெரியும். ஓட்டையைச் சுற்றி ஒட்டைவிடப் பெரிய வட்டமாக உப்புத்தாளால் தேயுங்கள். சொல்யூஷனை மெல்லிசாகத் தடவி, ஐந்து நிமிடம் பொறுங்கள். ஈரம் போய், விரல் வைத்தால் இழுக்கிற பதம் வந்த பிறகே ஒட்டை வைத்து, நடுவிலிருந்து ஓரம் நோக்கி அழுத்துங்கள். ஒட்டு கழன்று வருவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த ஐந்து நிமிட அவசரம்தான்.

திரும்ப மாட்டும்போது டியூபில் வடிவம் வருகிற அளவுக்குக் கொஞ்சம் காத்து இருக்கட்டும். வால்வு பக்கம் கடைசியாக முடியுங்கள். லிவரை ஆழமாக விடாதீர்கள். கடைசி ஒரு சாண் இறுக்கமாக இருக்கும்போது லிவரை உள்ளே குத்தி டியூபைக் கிள்ளிவிடுவதுதான் வழக்கமாக நடக்கிற விபத்து.

பஞ்சர் போட்டு பத்து கிலோமீட்டர் போகவில்லை, மறுபடியும் இறங்கிவிட்டது. ஏன்?

ஓட்டையை அடைத்தாயிற்று, ஓட்டை போட்டது இன்னும் உள்ளே இருக்கிறது. இதில்தான் வீட்டில் ஒட்டுபவர்களும் அவசரக் கடைக்காரர்களும் கோட்டை விடுகிறார்கள்.

ராமநாதபுரம், விருதுநகர், தூத்துக்குடி பக்கம் ஓட்டுகிறவர்களுக்குச் சீமைக் கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. சாலையோரம் வெட்டிப் போட்ட கிளையிலிருந்தும், விறகு ஏற்றிப் போகிற வண்டியிலிருந்தும் விழுந்து கிடக்கும். டயரில் ஏறியதும் வெளியே நீட்டிய பாகம் ஒடிந்து போகும். உள்ளே இரண்டு மூன்று மில்லிமீட்டர் நுனி மட்டும் நிற்கும். வெளியிலிருந்து பார்த்தால் ஒரு பழுப்புப் புள்ளி, அதுவும் தூசியில் தெரியாது. புது டியூபே போட்டாலும் அடுத்த பள்ளத்தில் அதே முள் அதே வேலையைச் செய்யும்.

கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. டியூபை உருவும்போதே எந்தப் பக்கம் செயின் பக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். ஓட்டை தெரிந்ததும் வால்விலிருந்து அதுவரை எத்தனை சாண் என்று அளந்து, டயருக்குள் அதே தூரத்தில் தேடுங்கள். வெறும் விரலை வேகமாக ஓட்டினால் கிழிக்கும். பழைய பருத்தித் துணியைச் சுருட்டி உள்ளே தேய்த்துக்கொண்டே போங்கள், முள் இருக்கும் இடத்தில் நூல் மாட்டும். பிறகு பிளையரால் உட்பக்கமாக இழுங்கள். வரவில்லை என்றால் வெளியிலிருந்து கூர்மையான கம்பியால் உள்நோக்கித் தள்ளுங்கள்.

டியூபில் ஓட்டை எங்கே விழுந்திருக்கிறது என்பதே பாதிக் காரணத்தைச் சொல்லிவிடும். சாலையைத் தொடும் பக்கம் என்றால் ஆணி, முள், கண்ணாடி. ரிம் பக்கம் என்றால் ஸ்போக் நுனி குத்துகிறது, ரிம் டேப் கிழிந்திருக்கும். அந்த ரப்பர்ப் பட்டையை மாற்றாமல் எத்தனை ஒட்டுப் போட்டும் பயனில்லை. அக்கம்பக்கமாக இரண்டு கீறல் என்றால் காத்துக் குறைவாக வைத்துப் பள்ளத்தில் அடித்திருக்கிறீர்கள், அல்லது மாட்டும்போது லிவர் கிள்ளியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிசல் என்றால் காத்தில்லாமல் ஓட்டியது.

ஓட்டையே அகப்படவில்லை என்றால் வால்வைச் சந்தேகப்படுங்கள். மூடியைக் கழற்றி, வால்வு வாயில் எச்சில் வைத்துப் பாருங்கள். குமிழி ஊதினால் உள்ளே இருக்கிற பின்னை இறுக்கினாலோ மாற்றினாலோ போதும். டீக்காசுக்கு முடிகிற வேலை.

சுடு பஞ்சர் நல்லதா, சாதா ஒட்டு நல்லதா?

சூடு வைத்து ஒட்டுகிற முறையில் ஒட்டும் டியூபும் ஒரே ரப்பராக இணைகிறது. கந்தகம் சேர்ந்த ரப்பரைச் சூடாக்கினால் உறுதிப்படும் என்று 1839-இல் சார்லஸ் குட்இயர் கண்டறிந்த அதே வேலைதான். நம் கடைகளின் பலகையில் வல்கனைசிங் என்று எழுதியிருப்பது இதைத்தான். வெயில் காலத்தில் தார்ச்சாலை கொதிக்கும்போதும் சுடு பஞ்சர் கழலாது. ஆனால் சூடு கூடினால் டியூப் அந்த இடத்தில் மெலிந்துவிடும், பழகிய கை வேண்டும். பதமாகப் போட்ட சாதா ஒட்டும் வருடக்கணக்கில் நிற்கும். இருட்டில், சாலையோரத்தில் உங்களால் ஆவது சாதா ஒட்டுத்தான்.

காத்து அடிக்க எது நல்லது?

கால் பம்ப் மலிவு, கெட்டுப்போகாது, இடத்தை அடைக்கும். சார்ஜ் செய்து வைக்கிற கையடக்க மின் பம்ப் இப்போது பரவலாகக் கிடைக்கிறது. வேண்டிய அளவை அமைத்துவிட்டால் தானே நின்றுவிடும். ஆனால் அதைச் சார்ஜ் செய்ய மறந்த மாதம்தான் பஞ்சராகும். கார்பன் டை ஆக்சைடு சிலிண்டர் கைக்கு அடக்கம்தான், ஆனால் 16 கிராம் சிலிண்டர் ஒன்றில் பைக் டயருக்கு முழுக் காத்து ஏறாது, இரண்டு மூன்று வேண்டும். சைக்கிள் பம்ப்பை நம்பிக் கிளம்புகிறவர்கள் அதன் வாய் பைக் வால்வில் மாட்டுகிறதா என்று வீட்டிலேயே பார்த்துவிடுங்கள். நம் சாதாரண சைக்கிளின் வால்வே வேறு வகை.

டியூப்லெஸ் டயர் ரிம்மை விட்டுப் பிரிந்துவிட்டது. எவ்வளவு அடித்தும் காத்து ஏறவில்லை.

விளிம்பு ரிம்மில் ஒட்டி உட்காராததால் அடிக்கிற காத்தெல்லாம் ஓரமாக வெளியே போகிறது. டயரின் நடுவில் சுற்றிலும் ஒரு கயிற்றைக் கட்டி, குச்சியைச் செருகி முறுக்குங்கள். நடுப்பகுதி அமுங்க, ஓரங்கள் விரிந்து ரிம்மைத் தொடும். ஓரத்தில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு பின்னைக் கழற்றிவிட்டு வேகமாகக் காத்து அடியுங்கள். டப் என்று சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது. கயிற்றை அவிழ்த்து, பின்னைப் போட்டு மறுபடி நிரப்புங்கள். கால் பம்ப்பில் இது வரலாம், வராமலும் போகலாம். கம்ப்ரசர் இருந்தால் வந்துவிடும். பெட்ரோல் தெளித்துத் தீ வைத்து உட்கார வைக்கிற வித்தையை யாராவது காட்டியிருந்தால் மறந்துவிடுங்கள்.

முன்கூட்டியே சீலன்ட் (ஓட்டையை அடைக்கும் பசைத் திரவம்) ஊற்றி வைக்கலாமா?

டியூப்லெஸ்ஸில் சின்ன ஆணி ஓட்டைகளை அது அடைக்கும். ஆனால் அடைத்ததே உங்களுக்குத் தெரியாது, ஆணி உள்ளேயே கிடக்கும். காலப்போக்கில் காய்ந்தும் போகும். தினமும் இரவில் தனியாக வீடு திரும்புகிறவர்களுக்குப் பயனுள்ளதுதான். மற்றவர்களுக்கு ஸ்ட்ரிப் கிட் போதும். டியூபுக்குள் ஊற்றுவதில் எங்களுக்கு நம்பிக்கையில்லை. டியூப் இழுபட்டு இருப்பதால் ஓட்டை எளிதாகப் பெரிதாகும், பிறகு ஒட்டுப் போடவும் அந்தப் பசை விடாது.

கடைக்காரர் நாலு பஞ்சர் என்கிறார். நம்புவதா?

சில நேரம் உண்மையாகவே நாலு இருக்கும், முள் பாதையில் வந்திருந்தால். பெரும்பாலான கடைக்காரர்கள் நாணயமாகத்தான் வேலை செய்கிறார்கள். ஆனால் ஊசியால் கூடுதல் ஓட்டை போடுவதும், சாலையில் ஆணி தூவி வைப்பதும் கட்டுக்கதையல்ல. பெங்களூரு அவுட்டர் ரிங் ரோட்டில் ஓர் இளைஞர் காந்தத்தைக் கொண்டு ஆணி பொறுக்கி, கிலோ கணக்கில் சேர்த்தது செய்திகளில் வந்தது.

வேலை நடக்கும்போது டீக்கடைக்குப் போகாமல் பக்கத்தில் நில்லுங்கள். டியூபைத் தண்ணீரில் அமுக்கியதும் முதல் சுற்றிலேயே எத்தனை இடத்தில் குமிழி வருகிறது என்று எண்ணுங்கள். டியூப்லெஸ்ஸில் கம்பியை நுழைக்கும் முன், “அண்ணே, குமிழியைக் காட்டுங்க” என்றால் போதும். குமிழி இல்லாத இடத்தில் கம்பி இறங்கக்கூடாது. எடுத்த ஆணியைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். மூன்று பஞ்சருக்கு மூன்று ஆணியோ முள்ளோ இருக்க வேண்டாமா?

கூலி எவ்வளவு?

ஊருக்கு ஊர் மாறும். பைக்குக்கு ஓர் ஒட்டோ ஒரு ஸ்ட்ரிப்போ நூறு ரூபாயை ஒட்டி இருக்கும். ஹைவேயிலும் இரவிலும் கூடும், ஆளை அனுப்பினால் அதற்கும் தனி. பொருளைத் தொடுவதற்கு முன் விலையைப் பேசிவிடுங்கள்.

ராத்திரி, தேசிய நெடுஞ்சாலை, கையில் ஒன்றும் இல்லை. என்ன செய்வது?

வண்டியைத் தடுப்புக் கம்பிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோக முடிந்தால் போங்கள். முடியாவிட்டால் ஓரத்தின் கடைசி விளிம்பில் நிறுத்தி, இண்டிகேட்டரை ஓடவிட்டு, நீங்கள் வண்டியை விட்டுத் தள்ளி நில்லுங்கள். வருகிற லாரிக்கு முதுகைக் காட்டிக் குனிந்து வேலை செய்யாதீர்கள். தேசிய நெடுஞ்சாலை உதவி எண் 1033, 24 மணி நேரமும் எடுப்பார்கள். கிலோமீட்டர்க் கல்லில் உள்ள எண்ணைச் சொன்னால் இடம் புரியும். ஆபத்து என்று தோன்றினால் 112.

பஞ்சர் போட்ட பிறகு எவ்வளவு காத்து வைப்பது? நைட்ரஜன் அடிக்கலாமா?

ஸ்விங் ஆர்மிலோ (பின் சக்கரத்தைத் தாங்கும் கம்பி) செயின் கவரிலோ ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும், அதுதான் உங்கள் வண்டிக்கான அளவு. சாதாரண பைக்குகளில் முன்னால் 25 பி.எஸ்.ஐ. (காத்தழுத்த அளவு) பக்கமும், பின்னால் தனியாகப் போனால் 28-ஐ ஒட்டியும், ஆள் ஏறினால் அதற்கு மேலும் இருக்கும். நைட்ரஜன் அடித்தால் தப்பில்லை. சாதாரணக் காத்திலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான், அதற்காகத் தேடிக்கொண்டு போக வேண்டியதில்லை.

டியூப்லெஸ் டயருக்குள் டியூப் போட்டு ஓட்டலாமா?

ரிம் நெளிந்து காத்து நிற்காதபோது கடைகளில் இதைத்தான் செய்வார்கள். ரிம்மைச் சரிசெய்கிற வரைக்கும் ஓட்டலாம். சூடு கூடும், பஞ்சரானால் டியூப்லெஸ் போல மெதுவாக இல்லாமல் ஒரேயடியாக இறங்கும். அதனால் வேகத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். உள்ளே டியூப் இருப்பதை அடுத்த முறை பஞ்சர் போடுகிறவரிடம் மறக்காமல் சொல்லுங்கள். தெரியாமல் அவர் ஸ்ட்ரிப் கம்பியை இறக்கினால் டியூப் குப்பைக்குத்தான்.